முதல் புதன், மதியம் ஒரு மணி

பதினொன்று நாற்பதுக்குத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வராந்தாவுக்கு வந்து கைபேசியைப் பார்த்திருக்கவே கூடாது என்று ஜெசிந்தாவுக்கு இப்போது தோன்றியது. பார்த்தாயிற்று. கைபேசி தேர்வாளர் மேசையின் இழுப்பறையில் அணைந்து கிடக்கிறது, அருணகிரி சார் அனுப்பிய வரிகள் மட்டும் அணையவில்லை. கயல் கிட்டத்தட்ட ரெடி, கடைசி உகரத்தை மட்டும் விழுங்குகிறாள், ஒரே ஒரு வாரம் தள்ளினால் முழுசாகக் கொடுத்துவிடலாம், முதல் தடவைதானே, யோசியுங்கள். முதல் தடவைதானே. முப்பத்தொரு மாணவிகள் முப்பத்தொரு கணினிகளுக்கு முன்னால் குனிந்திருந்தார்கள், விசைப்பலகைகளின் சத்தம் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி விட்டுவிட்டுக் கேட்டது, அவள் இரண்டு வரிசைக்கு நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். மதுரையில் இந்தக் கல்லூரியின் கணினி ஆய்வகம் பதினாறு வருடமாக அவள் பொறுப்பு. இன்று மூன்றாம் ஆண்டுக்குச் செய்முறைத் தேர்வு, பன்னிரண்டரைக்கு முடியும், அதுவரை ஆய்வகத்தில் இணையம் கிடையாது, காலையில் அவளே கம்பியைப் பிடுங்கி வைத்தாள். ஒரு மணிக்குச் செவிநூலின் புதுப் பதிப்பு வெளியாக வேண்டும். திரையில் இருக்கிற தமிழைப் பார்வையில்லாதவர்களுக்கு வாய்விட்டு வாசித்துச் சொல்கிற மென்பொருள் அது, கட்டற்ற மென்பொருள், யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். தொலைபேசித் துறையில் வேலைபார்த்த அருணகிரி சார் பதினோரு வருடத்துக்கு முன்னால் திருவண்ணாமலையில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கண் தெரியாத தம்பிக்காக எழுத ஆரம்பித்தது. அவர் பிள்ளை மாதிரி. கயல் என்பது அதற்கு அவர் செய்துகொண்டிருக்கிற புதுக்குரல், ஒரு பள்ளி ஆசிரியையை ஒன்பதாயிரம் வாக்கியம் படிக்கவைத்துப் பதிவுசெய்து, பதினோரு மாதம் உட்கார்ந்து செதுக்கிய குரல். அந்தக் குரல் 'வந்தது' என்பதை 'வந்தத்' என்கிறது. ஒரே ஒரு வாரம். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நிரலில் விட்டுப்போன அரைப்புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தாள், அது இல்லாத இடம் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது, சொல்லக் கூடாது, நகர்ந்தாள்.

விரைவில் என்ற சொல்லை எத்தனை தடவை எழுதியிருப்பாள். அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் செவிநூலில் அவளுடைய முதல் வேலை. நிரல் எழுதுகிறவர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள், அவள் தொட்டாள், அன்புடையீர், விரைவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா எண்ணிப் பார்த்தாள், இருநூற்றுப் பதினான்கு. கடைசி வெளியீடு வந்து இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது. இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் அவள் ஒரே பொய்யை, பொய் என்று தெரியாமலே, நல்ல தமிழில் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல்லை அவளுக்கு எட்டு வயதிலேயே தெரியும். தூத்துக்குடியில் அப்பா கப்பலில் போனவர், அவர் கடிதத்தில் அது சீக்கிரம் என்று இருக்கும், சீக்கிரம் வந்துருவேன், அம்மா முறுக்கு சுட்டு டின்னில் போட்டு வைப்பாள், தொடக் கூடாது, அப்பா வரட்டும். முறுக்கு சிக்குவாடை அடித்ததும் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் சுடுவாள். எதிர்வீட்டு அந்தோணி மாமாவும் கப்பல்காரர்தான், ஆனால் கம்பெனி வேறு, ஒன்பது மாதம் கடல் மூன்று மாதம் வீடு, அந்த வீட்டுப் பிள்ளைகள் காலண்டரில் கட்டம் போட்டு அடித்துக்கொண்டே வரும், அந்த வீட்டில் பண்டம் கெட்டுப்போய் ஜெசிந்தா பார்த்ததில்லை. அந்தோணி மாமா ஒன்றும் அப்பாவை விடப் பாசமானவர் இல்லை. குடிப்பார்கூட. தேதி இருந்தது, அவ்வளவுதான். மாசிலாமணி சார் அதைத்தான் வேறு மாதிரி சொன்னார். தர்மபுரிப் பக்கம் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர், பிறவியிலேயே பார்வை கிடையாது, ஜூன் மாதம் ஒருநாள் கடிதமெல்லாம் வேண்டாம் என்று நேராகவே கூப்பிட்டுவிட்டார். மதிப்பெண் பட்டியலை இணையத்தில் ஏற்றும்போது செவிநூல் ஒரு கட்டம் தாண்டி ஒரு கட்டம் படிக்கிறது, ஒவ்வொரு பரீட்சைக்கும் பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கெஞ்சி உட்காரவைக்க வேண்டியிருக்கிறது என்றார். அவள் அது சரிசெய்தாகிவிட்டது சார் என்றாள். அப்படியா, எப்ப. அவள் பார்த்துச் சொன்னாள், சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது, பதினஞ்சு மாசம் ஆச்சு சார். அப்ப ஏன் மேடம் என்கிட்ட வரல. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவர் நிதானமாகச் சொன்னார். "மேடம், குறை இருந்தா சொல்லுங்க, அதோட பழகிக்கிறேன். நான் பழகாத குறையா. எப்ப வரும்னே தெரியலன்னா அதோட எப்படிப் பழகறது?"

அன்றிலிருந்து அவளுக்கு அந்தச் சொல்லை எழுத விரல் வரவில்லை. ஆனால் அருணகிரி சாரைச் சோம்பேறி என்றோ பிடிவாதக்காரர் என்றோ எவராவது சொன்னால் அவளே சண்டைக்குப் போவாள், அதுதான் இதில் கஷ்டம். அவர் பயப்படுகிறார், அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடம் ஏழு மாதத்துக்கு முந்தைய அந்தக் கடைசி வெளியீட்டில், பழைய கணினி வைத்திருந்தவர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேருக்குச் சத்தமே நின்றுபோனது. கண் தெரிகிறவனுக்குக் கணினி ஊமையானால் எரிச்சல், அவ்வளவுதான். அவர்களுக்கு அது திரையும் போய் விசையும் போய் கதவைச் சாத்தின மாதிரி, சரிசெய்ய வேண்டிய பொத்தான் எங்கே என்று சொல்லவும் அதே வாய்தான் வேண்டும். இரண்டு நாளில் மாற்று கொடுத்தார்கள், அந்த இரண்டு நாளுக்குள் கரூரில் ஒரு பெண்ணுக்கு வேலை விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விட்டது. அருணகிரி சார் யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறிக் கரூருக்குப் போய் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார், நான்தான் அதைச் செய்தது, மன்னிச்சிடும்மா. அந்தப் பெண் எழுதித்தான் ஜெசிந்தாவுக்கே தெரியும், ஐயா ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார், காபி குடுத்து அனுப்பினோம் என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அவருக்கு எதுவுமே முடிந்ததாகப் படவில்லை. ஒன்று சரியானால் இன்னொன்று, அது சரியானால் அதற்குப் பக்கத்தில் ஒன்று. ஜூலையில் ஒரு ஞாயிறு காலை ஒன்பது பேர் காணொளியில் கூடியபோது அவள் எழுதி வைத்துக்கொண்டு படித்தாள், கை வேர்த்து அந்தத் தாள் நனைந்துவிட்டது. வருடத்துக்கு மூன்று வெளியீடு, மார்ச், ஜூலை, நவம்பர், முதல் புதன்கிழமை மதியம் ஒரு மணி, தொடக்கம் இந்த நவம்பர். மூன்று வாரத்துக்கு முன்னால் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட வேண்டும், அந்த மூன்று வாரமும் பழைய கணினி, புதுக் கணினி எல்லாவற்றிலும் நாற்பத்தாறு பேர் ஓட்டிப் பார்ப்பார்கள், முடிந்தது போகும், முடியாதது அடுத்த தடவை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் உடைந்தாலும் கொஞ்சம்தான் உடையும். அருணகிரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "நீங்க தேதியப் பாக்கறீங்கம்மா, நான் தரத்தப் பாக்கறேன்." அவள் சொன்னாள், எங்கிருந்து வந்தது என்று தெரியாது, "சார், எப்ப வரும்னு தெரியறதும் தரந்தான்." ஐந்து பேர் சரி என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், ஒருவருக்கு மின்சாரம் போய்விட்டது. அருணகிரி சார் தோற்றவர் மாதிரி இல்லாமல், சரி, அப்ப நீங்களே பொறுப்பு எடுத்துக்குங்க என்றார். எடுத்துக்கொண்டாள். அதனால்தான் இன்றைக்கு அவர் கேட்கிறார். வெளியீட்டுச் சாவி அவர் கையிலும் இருக்கிறது, அவரே நிறுத்திவிடலாம், நிறுத்தாமல் கேட்கிறார், யோசியுங்கள் என்கிறார். உத்தரவு போட்டிருந்தால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்.

கொடுத்துவிடலாமே என்று ஒரு மனம் சொன்னது, சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. ஒரு வாரம். இரண்டு வருடம் ஏழு மாதம் பொறுத்தவர்களுக்கு ஒரு வாரமா பெரிது. அறுபத்து நாலு வயது மனிதர், பதினோரு மாத உழைப்பு, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மீதியை அனுப்புகிறேன் என்று அவரிடம் சொல்ல நீ யார், நிரல்கூட ஒழுங்காக எழுத வராது உனக்கு, கடிதத்துக்குப் பதில் போட வந்தவள். மூன்று வாரக் கெடு தாண்டிய பிறகும் கயல் உள்ள தொகுப்பு ஒன்று, இல்லாத தொகுப்பு ஒன்று, இரண்டையும் நேற்றே கட்டி வைத்திருந்தாள், எதற்காக இரண்டு கட்டினாய், உனக்கே நிச்சயம் இல்லாததால்தானே. சரி, அடுத்த புதன் என்று எழுதுவோம். அன்புடையீர், தவிர்க்க முடியாத காரணத்தால். அந்த வாக்கியம் தானாகவே வந்தது, அச்சு அசலாக, இருநூற்றுப் பதினான்கு தடவை பழகின கை, அதற்கு அடுத்து என்ன சொல் வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த புதன் உகரம் சரியாகும், அன்றைக்கு வேறொன்று விழும், அவர் கேட்பார், இரண்டாம் தடவைதானே என்று கேட்க மாட்டார், அதைவிட அன்பாகக் கேட்பார். முதல் தடவை என்பதால்தான் சார், முதல் தடவை தள்ளினால் அது தேதியே இல்லை. ஆனால் இதை அவர் முகத்தைப் பார்த்து, சரி, முகம் தெரியாது, குரலைக் கேட்டு, கேட்டுக்கொண்டே சொல்ல முடியுமா. இன்னொரு பயம் அதற்கடியில் கிடந்தது, எறும்பு மாதிரி ஊர்ந்து மேலே வந்தது: சத்தம் நின்றுபோனால். கயல் இல்லாத தொகுப்பிலும் எங்காவது ஒரு மூலையில், நாற்பத்தாறு பேர் கையிலும் சிக்காத ஒரு பழைய கணினியில், ஒரு மணிக்கு ஒரு வாய் அடைத்துப்போனால், கரூருக்கோ கம்பத்துக்கோ பேருந்து ஏறப்போவது இந்தத் தடவை யார். பன்னிரண்டரை மணி அடித்தது. "சார், அஞ்சே அஞ்சு நிமிஷம்" என்று மூன்றாம் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தங்கப்பழம் சார், திருநெல்வேலிக்காரர், இளகின மனசு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சரி, அஞ்சு நிமிசம், முடிச்சிருங்கம்மா" என்றார். ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்தாயா, கொடுத்தால் என்ன, ஒன்றும் இடிந்துவிழவில்லை என்றது அந்த மனம். ஐந்து நிமிடம் ஆனதும் இன்னும் நாலு பேருக்கு ஐந்து நிமிடம் வேண்டியிருந்தது. அப்போது முதலில் முடித்தவர்கள் எங்களுக்கும் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்போமே சார் என்றார்கள், தங்கப்பழம் சார் இரு தரப்புக்கும் தலையாட்டினார், அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கியது, அதை இழுத்தெடுத்ததில் அவள் விரலெல்லாம் மை, கடைசிப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்று.

குனிந்து கம்பியைச் செருகினாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டின. கைபேசியை எடுத்து உயிர்ப்பித்து, செய்தி அனுப்பாமல், கூப்பிட்டாள், எழுதினால் அந்தப் பழகின கை எதையாவது குழைத்து எழுதிவிடும். முதல் மணியிலேயே எடுத்தார், கையிலேயே வைத்திருந்திருக்கிறார். "சொல்லுங்கம்மா." "சார், கயல் இல்லாம ஒரு மணிக்கு விடப்போறேன்." அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம், எங்கோ ஒரு பிரஷர் குக்கர். "ஒரு வாரந்தான கேட்டேன்." "ஆமா சார். ஒரு வாரம் கேட்டதாலதான் சொல்றேன். ஒரு மாசம் கேட்டிருந்தா எல்லாரும் சேந்து யோசிச்சிருப்போம், ஒரு வாரத்தைத்தான் யாரும் யோசிக்காமக் குடுத்துருவோம். ரெண்டு வருஷம் ஏழு மாசத்தையும் நாம ஒவ்வொரு வாரமாத்தான சார் குடுத்தோம்." இவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசினதில்லை. "எதனா உடைஞ்சா?" என்றார், அது அவர் குரல் மாதிரியே இல்லை, கரூர் வாசலில் நின்ற மனிதர் கேட்ட மாதிரி இருந்தது. "உடைஞ்சா எது உடைஞ்சுச்சுன்னு தெரியும் சார், பழச மறுபடி போட்டுக்க ஒரே ஒரு விசை வச்சிருக்கோம், திரையைக் கேக்காமலே அமுக்கலாம், நாற்பத்தாறு பேரும் அமுக்கிப் பாத்துட்டாங்க. அப்படியும் ஒருத்தர் மாட்டிக்கிட்டா நான் போய் நிக்கேன் சார், அவங்க வீட்டு வாசல்ல. இந்தத் தடவை நீங்க போக வேண்டாம்." கரூர் விஷயம் அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கு இந்த நிமிடம்தான் தெரிகிறது என்று புரிந்து, ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரிம்மா. உங்க பொறுப்பு" என்று வைத்துவிட்டார். கோபமா. இருக்கட்டும். பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. கயல் இல்லாத தொகுப்பின் மேல் அம்புக்குறியைக் கொண்டுவந்து நிறுத்தினாள், ஒரு நிமிடம் முன்னால் போனால் என்ன என்று தோன்றியது, கூடாது, ஒரு மணி என்றால் ஒரு மணி, முன்னாலும் கிடையாது, கடிகாரத்தின் இலக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது, இன்னும் ஐம்பத்தொன்பது, ஒன்று. அழுத்தினாள்.

சத்தம் எதுவும் வரவில்லை, பட்டை ஒன்று நிரம்பியது, 'வெளியிடப்பட்டது' என்று ஒரு சொல், அவ்வளவுதான், இதற்கா இத்தனை வருடம் என்றிருந்தது. இறக்கிக்கொண்டவர்கள்: சுழி. பிறகு மூன்று. பதினொன்று. ஒரு மணி ஐந்துக்கு எழுபது, எல்லாரும் தயாராகக் காத்திருந்திருக்கிறார்கள், அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவர்களுக்குத் தேதி தெரியும், நேரம் தெரியும், சாப்பாட்டு மணியில் கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், எழுபது பேர், நூற்று நாற்பது, அவள் சொன்ன சொல்லை நம்பி. அந்த எண்ணம் நெஞ்சில் ஏறி நின்றது, மகிழ்ச்சியா திகிலா என்று பிரிக்க முடியவில்லை. குறை சொல்கிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊமையாகிவிட்டது என்று யாராவது எழுதுகிறார்களா என்று பார்த்தாள், ஒன்று பதினொன்றுக்கு ஒரு குறை வந்தது, பதறித் திறந்தாள்: வணக்கம் சொல்லும் ஒலி கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறது, குறைக்க முடியுமா. அதிகமாகக் கேட்கிறதாம். அதை நாலு தடவை படித்தாள். ஒன்று இருபதுக்கு மாசிலாமணி சார் கூப்பிட்டார், வணக்கம்கூடச் சொல்லவில்லை. "மேடம், பேசாதீங்க, கேளுங்க" என்று கைபேசியைக் கணினி பக்கம் திருப்பினார், அந்தப் பழைய குரல், கொஞ்சம் மூக்கடைத்த ஆண்குரல், எழுத்தெழுத்தாகத் தெளிவாகப் படித்தது: வரிசை எண் ஒன்று, அகிலாண்டம், எழுபத்து இரண்டு. வரிசை எண் இரண்டு, இளம்பரிதி, ஐம்பத்து எட்டு. ஒரு கட்டம் தவறவில்லை. பதினேழாம் பெயர் வரைக்கும் ஓடவிட்டார். பின்னால் ஆசிரியர் அறையில் யாரோ, அட, நல்லாப் படிக்குதே என்றார்கள். "என் பக்கத்துல உக்காந்து படிச்சுச் சொல்வாரே, அந்த வாத்தியாருதான்" என்றார் மாசிலாமணி சார், "அரையாண்டுக்கு உங்களுக்கு லீவு விட்டுட்டேன்னு சொல்லிட்டேன். அடுத்தது மார்ச்தானே மேடம்? மார்ச்சுல வர்றத வச்சு ஏப்ரல் வேலைய இப்பவே பிரிச்சுக்கிட்டேன்." "ஆமா சார், மார்ச்சுதான்" என்றாள். வைத்தபிறகு ஆய்வகத்தின் நீளத்துக்கும் ஒருமுறை நடந்தாள், சும்மா, நாற்காலிகளை உள்ளே தள்ளிக்கொண்டே, ஒவ்வொரு நாற்காலியும் மேசைக்குள் போய் இடிக்கிற சத்தம் அவளுக்கு நாதஸ்வரக் கச்சேரியில் தவில் விழுகிற மாதிரி இருந்தது. முந்நூற்றுப் பத்து. முந்நூற்று முப்பத்தாறு. நான் செய்தேன் என்று ஒரு தடவை மெதுவாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், யாரும் இல்லை, இன்னொரு தடவை சொன்னாள்.

ஒன்று நாற்பதுக்கு அருணகிரி சாரின் எண் ஒளிர்ந்தபோது ஒரு கணம் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள், இந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் முழுசாக வைத்திருந்துவிட்டு எடுக்கலாமே என்று. எடுத்தாள். "என் தம்பி போட்டுப் பாத்துட்டான்மா" என்றார். "பேசுதுன்னான். அவன் மிஷினு பத்து வருஷப் பழசு, அதுலயே பேசுது." அப்புறம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "மார்ச்சுல மொத புதன் எத்தினியாம் தேதி வருது?" அவளுக்கு மனப்பாடம். "நாலாந்தேதி சார்." "அப்ப மூணு வாரம் முன்னால, பிப்ரவரி பதினொண்ணு." "ஆமா சார்." "பத்தாந்தேதியே கயல் உங்க கைல இருப்பா. இல்லன்னா ஜூலை. நான் கேக்கமாட்டேன்." கேட்க மாட்டேன் என்று சொல்லும்போது அவர் சிரித்தார், பதினோரு வருடத்தில் வெளியீட்டு நாளன்று அவர் சிரித்து யாராவது கேட்டிருக்கிறார்களா தெரியாது. "ஒண்ணு சொல்லணும்மா. கதவு தொறந்து வெளிய போயி காத்து வாங்கின மாதிரி இருக்குது. போங்க, போய்ச் சாப்பிடுங்க."

பசி என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. துறை அறையில் தங்கப்பழம் சார் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து புளிசாதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார், அடுத்த குழுவுக்குத் தேர்வு இரண்டரைக்கு. அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர் கையை அப்படியே நிறுத்தினார். "என்னம்மா, மூஞ்சி இப்படிப் பூத்துருக்கு, எதும் விசேஷமா?" "ஆமா சார்" என்றாள், வாயை மூட முடியவில்லை, "சொன்ன தேதியில வந்துருச்சு சார். ஒரு நிமிஷம்கூடத் தப்பாம." தங்கப்பழம் சாரின் முகமும் மலர்ந்தது, அவருக்கு நாலு பேரப்பிள்ளைகள். "அடேயப்பா, அது லேசுல அமையாதே. எங்க மவளுக்கெல்லாம் பத்து நாளு தள்ளிப்போயி உசிர எடுத்துட்டு. ஆணா, பொண்ணா?" விளக்கிச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள், ஆனால் அந்த மனிதர் எவ்வளவு நிஜமாகச் சந்தோஷப்படுகிறார் என்று பார்த்ததும் அவரைத் திருத்த மனம் வரவில்லை. "இப்ப ஆண்குரல்தான் சார்" என்றாள். "பொண்ணு மார்ச்சுல."